பாடு நாளும் இருட்டுப்பெட்டியும்

வேலம்மா கோட்டைக்குப்பத்துக்கு வாழ வந்தவள். பிறந்தது ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரம். ஊர் அவளிடம் இரண்டு குறை கண்டது: பிள்ளை இல்லை, வாய் அடங்காது. இரண்டையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கெளுத்தி முள் குத்தினாலும் சிப்பி காலைக் கிழித்தாலும் அதே ஊர் அவளிடம்தான் வந்தது. கொதிக்கும் நீரில் அலசி வெயிலில் உலர்த்திய பழந்துணி அவள் வீட்டில் எப்போதும் மடித்தபடி இருக்கும். புண்ணைக் கழுவுவாள், முள்ளை எடுப்பாள், கட்டுவாள். "நாளைக்கு வா, அவுத்துப் பாக்கணும். வராம காலு அழுகிப் போச்சுன்னா அப்புறம் என்னாண்ட வராத" என்று சொல்லி அனுப்புவாள். ஆறுதல் சொல்லும் வழக்கம் கிடையாது. புண் ஆறியது. அது போதும்.

அந்தத் துணி மடிப்புதான் அவளை இருட்டுப்பெட்டியிடம் கொண்டுபோய் விட்டது.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி ஆண்ட காலம் அது. அங்கே வில்லம் என்றொரு ஒல்லாந்துக்காரர் வந்து இறங்கினார். கோட்டை உத்தியோகஸ்தர் அல்ல, வியாபாரியும் அல்ல. தேசம் தேசமாகப் போய், கண்ணில் படும் மிருகத்தையும் பறவையையும் படமாக எழுதிக்கொள்வதே அவர் வேலை. கிழக்கே போகும் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் ஏரியைச் சுற்றிப் பார்க்க அவருக்கு ஒரு தோணி வேண்டியிருந்தது.

அவரிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. முன்பக்கம் ஒரு துளை, துளையில் உருண்டைக் கண்ணாடி. உள்ளே சாய்த்து வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. மேலே பனி படர்ந்ததுபோல் மங்கலான கண்ணாடிப் பலகை ஒன்று. மூன்று கால் நட்டு, பெட்டியை அதன்மேல் ஏற்றி, கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்தால் எதிரே நிற்கும் நாரை அந்தப் பலகையில் நாரையாகவே வந்து விழும். எண்ணெய் தடவிய மெல்லிய தாளை அதன்மேல் ஒட்டி, தெரியும் கோடுகளைப் பின்தொடர்ந்து எழுதிக்கொள்வார். இதற்கு முதல் நிபந்தனை, நாரை நகராமல் நிற்க வேண்டும். இரண்டாவது, நாரை வரும்போது பெட்டி நின்றிருக்க வேண்டும்.

இரண்டாவதில்தான் அவர் உயிரே இருந்தது. எங்கோ ஒரு காட்டு வழியில் சிறுத்தை ஒன்று நடுப்பாதையில் உட்கார்ந்து அவரையே பார்த்ததாம், பெட்டியோ மாட்டுவண்டியில் எல்லா மூட்டைக்கும் அடியில் கிடந்ததாம். இன்னோர் ஊரில் யானை ஆற்றை நீந்திக் கடந்ததாம், அப்போது கண்ணாடி வைக்கோல் சுற்றிக் கட்டப்பட்டிருந்ததாம். போன இடமெல்லாம் இப்படிக் கோட்டைவிட்டுத்தான், இனி பெட்டியை மூடி வைப்பதில்லை என்று அவர் சபதம் எடுத்திருந்தார். நம் பேச்சில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரே சொல் 'தய்யார்'. காலையில் கரைக்கு வந்ததும் "தய்யார்?" என்பார். தோணி திரும்பினால் "தய்யார்?" என்பார். கொட்டாவி விட்டு முடித்ததும் அதையே கேட்பார்.

முதலில் பெட்டிக்கு என்று வைத்த ஆள் அதை மீன் கூடைபோல் தூக்கினான். உப்புக் காற்றில் கண்ணாடி மங்கியது. ஒரு நாள் வில்லம் கரையோரம் நடந்தபோது வேலம்மா ஒருவனுடைய காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை கழுவியதையும் துணியை உதறி மடித்ததையும் நின்று பார்த்தார். மறுநாளே துபாசி செங்கல்வராயன் வந்துவிட்டார். துரைக்கும் ஊருக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்கிறவர் அவர். உள்நாட்டு நெல்வயல் பக்கத்து மனிதர், தோணியில் ஏறினால் வயிறு புரட்டும். ஆகையால் கரையோடு நின்றுவிடுவார்.

"சிங்காரம் தோணி தொரைக்கு வேணும். பொட்டியப் பாத்துக்க அவன் பொண்டாட்டி வேணும்" என்றார் அவர், ஊர்த் தலைவரான நாட்டார் துளசிங்கத்திடம்.

நாட்டார் யோசிக்கவில்லை. "கப்பல் வர்ற வரைக்கும் எல்லா நாளும் அவன் தோணி தொரைக்குத்தான், போங்க" என்றார். சிங்காரம், வேலம்மாவின் புருஷன், பக்கத்தில் நின்று தலையாட்டினான். எல்லா நாளும் என்ற சொல்லில் இருந்த ஓட்டை அங்கே நின்ற ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வேலம்மா வேலையைச் சுத்தமாகச் செய்தாள். கண்ணாடியை உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தாள். வறுத்த அரிசி நிரம்பிய பானைக்குள் துணி சுற்றி வைத்தால் ஈரம் ஏறாது என்று செய்து பார்த்துக் கண்டுகொண்டாள். தாளுக்கு எண்ணெய் தடவி நிழலில் காயவிட்டாள். மூன்று காலும் விரித்தபடியே தோணியில் கிடக்கும். குப்பத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். "வேலம்மாக்கு இப்ப கொழந்த பொறந்துடுச்சு. மூணு காலு, ஒரு கண்ணு" என்றாள் ஜெயம்மா. "அழுவாத கொழந்த. உன்னுதவிட மேல்" என்று வேலம்மா திருப்பிக் கொடுத்தாள்.

தயாராக இருப்பது அவளுக்குப் புதிதல்ல. வலையை மடித்து வைப்பதும் துணியைக் கொதிக்க வைப்பதும் அதுதானே. அவளுக்குக் கோபம் வந்தது வேறு காரணத்தால். துரை பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குவார். அவர் தூங்கும்போது தயாராக இருந்தது சிங்காரத்தின் தோளும் வேலம்மாவின் கண்ணும். அவள் எங்காவது கை காட்டினால் எழுந்து கறுப்புத் துணிக்குள் புகுந்துகொள்வார். அன்று சாயங்காலம் கோட்டைக்காரர்களிடம் சொல்லும் கதையில் அவர் மட்டும்தான் விழித்திருப்பார்.

சரி, அது கூலி வேலை. அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்பாள். ஆனால் நடுவே பாடு வந்தது.

ஏரியில் நல்ல இடம் கொஞ்சம், வீடு அதிகம். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த இடத்தில் எந்த நாள் எந்த வீடு வலை கட்டலாம் என்று முறை வைத்திருந்தது. அதற்குப் பெயர் பாடு. முகத்துவாரத்துப் பாடுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. கடல் இறங்கும் வற்ற நேரத்தில் ஏரித் தண்ணீர் கடலுக்கு ஓடும்போது இறால் அதோடு ஓடும். கழி நட்டு வலையைச் சுற்றிக் கட்டிவிட்டால் அள்ளலாம். ஆனால் வீட்டின் சொந்தத் தோணியும் சொந்த வலையும் வேண்டும். இரவலுக்கு இடமில்லை. வற்றம் தொடங்கும்போது தோணி அந்த இடத்தில் நிற்கவில்லை என்றால் அடுத்த வீடு வலையை இறக்கிவிடும். இரண்டு முறை தொடர்ந்து பாட்டைத் தவறவிட்ட வீட்டின் பெயர் அடுத்த சீட்டில் இருக்காது. உழைக்காதவன் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று முன்பே வைத்த கட்டுப்பாடு அது.

போன முறை சிங்காரத்தின் முகத்துவாரப் பாடு வந்த நாளில் அவன் குளிர்ஜுரத்தில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். போயிற்று. இந்த முறை போனால் பெயரே போகும். பெயர் போனால் சேற்றில் கைவிட்டு நண்டு தடவியும், அடுத்தவன் வலையில் கூலிக்கு இழுத்தும் காலம் தள்ள வேண்டியதுதான்.

பாடு நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் சிங்காரம் பெட்டியைத் துரையின் தங்குமிடத்தில் இறக்கி வைத்து, நாளைக்கு வரமாட்டோம் என்றான். துபாசி உள்ளே போய்ச் சொன்னார். திரும்பி வந்தவர் முகம் மாறியிருந்தது.

"நாளைக்கு விடியறதுக்குள்ள தோணி வேணுமாம். பூநாரை எறங்கிக் கீதுன்னு சேதி வந்துச்சாம்."

"நாளைக்கு எங்க பாடு, சாமி."

"இன்னா பாடோ. எல்லா நாளும்னு உங்க நாட்டார் வாயால சொன்னாரா இல்லியா? தொரை அத்தத்தான் கேக்கறாரு."

சிங்காரம் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். வேலம்மா உட்காரவில்லை. நேராக நாட்டார் வீட்டுக்குப் போனாள்.

துளசிங்கம் கெட்டவர் அல்ல. ஆனால் கோட்டைப் பக்கமிருந்து யார் தும்மினாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறவர். அவள் சொன்னதைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"நான் எல்லா நாளும்னு சொன்னேன் நெசம்தான். பாட்ட யாரும்மா அதுல சேத்து எண்ணுவா? அது நம்ம நாளா? அது ஊரு நாளு."

"அத்த அவராண்ட சொல்லிக்கீறீங்களா?"

"சொல்றதுக்கு இன்னா கீது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

"ஒல்லாந்துல பாடு கீதா, நாட்டாரே?"

பிழை அங்கேதான் இருந்தது. பாடு என்பது இந்தக் கரையில் சூரியன் உதிப்பது மாதிரி. அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்கு யாரையும் தண்டிக்க முடியாது. ஆனால் தோன்றாமல் போனதன் பலனை யார் தலையில் இறக்குவது என்று வந்தபோது, நாட்டார் அதை வெகு சுலபமாகச் சிங்காரம் தலையில் இறக்கினார்.

"இந்த ஒரு தபா விட்டுக் குடுத்துடுங்க. பேரு போகாம நான் ஊருகிட்ட பேசறேன்."

"பேசுவீங்க. எல்லாரும் தலையாட்டுவாங்க. சீட்டுப் போடறப்போ எங்க பேரு இருக்காது. உங்க வூட்டுப் பாடா இருந்தா விடுவீங்களா?"

"கோட்டக்காரங்கள பகைச்சுக்க முடியுமா, வேலம்மா?"

"என்னப் பகைச்சுக்கலாம். அதான."

வீட்டுக்கு வந்தாள். சிங்காரத்துக்குச் சோறு போட்டாள். "சாப்டு. காலைல தோணி போவும். தொரையும் வருவாரு, வலையும் வரும்" என்றாள்.

துரைக்கு ஒரு வழக்கம் இருந்தது. தோணி அருகில் நின்றால் பறவை மிரளும். அதனால் திட்டில் அவரையும் பெட்டியையும் இறக்கிவிட்டு, தோணி வெகு தூரம் விலகிப் போய்விட வேண்டும். அவரே கையை வீசி "போ, போ" என்று விரட்டுவார். வேலை முடிந்ததும் வெள்ளைத் துணியை ஆட்டினால் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். தினமும் நடக்கிற காரியம். முகத்துவாரத்துக்கு எதிரே ஒரு மணல் திட்டு உண்டு, பூநாரையும் அதன் பக்கம்தான் மேய்கிறது. பாடு பிடிக்கும் இடமோ அந்தத் திட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். இதில் வஞ்சனை எங்கே என்று வேலம்மா தன்னையே கேட்டுப் பார்த்தாள். காணவில்லை.

விடியும் முன் துரை வந்தார். தோணியில் வலை குவிந்திருந்தது. அவர் கொண்டுவந்த பெட்டியை வாங்கி அதன்மேல் வைத்தாள், ஆடாமல் இருந்தது. "தய்யார்?" என்றார். "தய்யார்" என்றாள். வலையின் மேல் காலை நீட்டிக்கொண்டு சௌகரியமாகச் சாய்ந்தார்.

திட்டில் இறக்கினார்கள். மூன்று காலையும் மணலில் அழுத்தி நட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள், தாளைப் பொருத்தினாள். குடிதண்ணீர்ப் பானையும் பனையோலைக் குடையும் பக்கத்தில் வைத்தாள். ஒரு துணியை நனைத்துக் கழுத்தைச் சுற்றிக் காட்டி, வெயில் ஏறினால் இப்படிப் போட்டுக்கொள்ள வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சைகை செய்தாள். அவர் பறவைகளையே பார்த்துக்கொண்டு "போ, போ" என்றார். போனார்கள்.

வற்றம் தொடங்கியபோது சிங்காரத்தின் தோணி பாடு இடத்தில் நின்றது. அடுத்த வீட்டுக்காரன் தனக்கோடி தன் தோணியோடு தயாராகக் காத்திருந்தான். அவர்களைக் கண்டதும், "வந்துட்டியா மாமா, வரமாட்டேன்னு சொன்னாங்களே" என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. "நீ வேணும்னா போய் பூநாரை புடி" என்றாள் வேலம்மா.

இறால் வந்தது. தண்ணீர் கனத்து வலை வயிறு தள்ளி நின்றது. இருவரும் இடுப்பளவு நீரில் நின்று அள்ளினார்கள். வேலம்மா நடுநடுவே நிமிர்ந்து திட்டைப் பார்த்தாள். வெள்ளைத் துணி ஆடவில்லை. கறுப்புத் துணிக்குள் தலை இருந்தது. குடை விரிக்காமல் மணலில் கிடந்தது. "அந்த மனுசன் தண்ணி குடிக்கல" என்று முணுமுணுத்தாள். "அவரு இன்னா கொழந்தயா?" என்றான் சிங்காரம்.

திட்டில் நடந்தது இது. மடவை மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஒரு வேளா மீன் ஆழமில்லாத தண்ணீருக்குள் ஏறிவிட்டது. இரு பக்கமும் பல் வைத்த வாள்போல் மூக்கு நீண்ட பெரிய மீன் அது. தண்ணீர் வற்றவும் வெளியே போக வழியில்லாமல் துரைக்கு எதிரே மணலில் வயிறு தட்டி அடங்கிவிட்டது. பூநாரைக்காக நட்ட பெட்டியை மீனின் பக்கம் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. காலமெல்லாம் கோட்டைவிட்ட மனிதருக்கு அன்று வாய்த்தது. தண்ணீரும் குடையும் நினைவில்லாமல் வாள் மூக்கின் ஒவ்வொரு பல்லாக எழுதிக்கொண்டிருந்தார்.

பாடு முடிந்து, கட்டு அவிழ்த்து, தோணி நிறைய இறாலோடு அவர்கள் திட்டுக்கு வந்தபோது தண்ணீர் மீண்டும் ஏறத் தொடங்கியிருந்தது. வேளா வாலை ஒருமுறை உதறிவிட்டுப் போனது. எத்தனையோ வீட்டுக்கு ஆகும் கறி போகிறதே என்று சிங்காரம் பார்த்தான். துரையின் கழுத்தும் காதும் வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தன. படத்தைக் காட்டிச் சிரித்தார், எழுந்தார், தடுமாறினார்.

வேலம்மா அவரைப் பிடித்துத் தோணியில் கிடத்தினாள். குடையை விரித்துத் தலைக்கு நிழல் செய்தாள். கழுத்தில் ஈரத் துணியைப் போட்டு, காயக் காய மாற்றினாள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தாள். கரை சேர்வதற்குள் அவருக்குத் தெளிவு வந்தது. தெளிவு வந்ததும் முதலில் இறாலைப் பார்த்தார், பிறகு வலையை, பிறகு அவளை.

அன்று பிற்பகலே துபாசி குப்பத்துக்கு வந்தார், துரையையும் கூட்டிக்கொண்டு. வலை காயும் மணல்வெளியில் ஊர் கூடியது.

"தொரைய வெயில்ல வுட்டுட்டு மீன் புடிக்கப் போயிருக்கான். கோட்டையில எல்லாரும் கேக்கறாங்க. அந்தத் தோணி இன்னிக்கு தொரையோடது. தொரை தோணியில இவன் புடிச்ச பாடு செல்லாது. நீங்களே சொல்லுங்க, சொந்தத் தோணியில இல்லாத பாடு பாடாகுமா?" என்றார் செங்கல்வராயன். ஊர்க் கட்டுப்பாட்டை யாரிடமோ விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

கூட்டம் அசைந்தது. செல்லாது என்றால் இரண்டாவது முறையும் தவறியதாகக் கணக்கு. பெயர் போயிற்று. சிங்காரம் தரையைப் பார்த்தான். தனக்கோடி நாட்டாரைப் பார்த்தான்.

வேலம்மா எழுந்தாள்.

"ஏன்யா துபாசி, தொரை கோட்டையில இன்னா சொன்னாரு, அந்த மீன் எப்டிக் கெடச்சுதுன்னு?"

துபாசி தயங்கினார். "பொட்டி எப்பவும் தயாரா வச்சிருந்ததால கெடச்சுதுன்னாரு."

"வச்சிருந்தது யாரு?"

துபாசி துரையைத் திரும்பிப் பார்த்தார்.

"படம் கெடச்சதுக்கு அவரு தயாரா இருந்தாரு. கழுத்து வெந்ததுக்கு நாங்க வுட்டுட்டுப் போயிட்டோம். நல்லாக் கீது. தெனமும் போ போன்னு தொரத்தறவரு யாரு? இன்னிக்கு மட்டும் ஏன் போனன்னா, இன்னா ஞாயம் அது? தண்ணி வச்சேன், கொட வச்சேன், துணி நனச்சுக் குடுத்தேன். துணிய ஆட்டினாரா, கேளு. ஆட்டியிருந்தா வலைய வுட்டுட்டு வந்திருப்பேன். வாயில கஞ்சி ஊத்துனது இந்தக் கை. கேளுய்யா."

துபாசி கேட்டார். வில்லம் கழுத்தில் கட்டியிருந்த துணியைத் தொட்டுக்கொண்டு இல்லை என்று தலையசைத்தார். துணியை ஆட்டவில்லை.

வேலம்மா அதோடு விடவில்லை. நாட்டார் பக்கம் திரும்பினாள். "அவராண்ட எனக்குப் பேச்சு முடிஞ்சுது. அவரு வெளி ஆளு. நேத்து எங்கிட்ட, பாடு ஊரு நாளுன்னு சொன்னீங்களே. அத்த இப்ப இங்க சொல்லுங்க. அவரு காதுல உழறமாரி சொல்லுங்க."

துளசிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோட்டை ஒரு பக்கம், குப்பம் ஒரு பக்கம். குப்பத்தில் அவர் முன்னால் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாடு இருந்தது. இன்று சிங்காரத்தின் பாடு செல்லாது என்றால், நாளை யார் தோணியைக் கோட்டை கேட்டாலும் அவன் பாடும் செல்லாது. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது.

"பாடு நாளு என் நாளு இல்ல" என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக. "என்னாண்ட இல்லாதத நான் எப்டி குடுக்கறது? எல்லா நாளும்னு சொன்னது என் வாயில வந்த தப்பு. அந்தத் தப்புக்கு நான் பதில் சொல்லிக்கறேன். தோணி இன்னிக்கு சிங்காரத்தோடதுதான். பாடு நிக்கும்."

துபாசி நெடுநேரம் வில்லத்திடம் அவர்கள் பாஷையில் பேசினார். வில்லம் கேட்டார், ஏதோ சொன்னார்.

"இதமாரி நாளு இன்னும் கீதான்னு கேக்கறாரு."

"இந்தச் சீட்டுல இந்தத் தோணிக்கு இனிமே இல்ல. வேற தோணி எடுத்தா அதுக்கு ஒண்ணு கீது" என்றாள் வேலம்மா. "எடுக்கறதுக்கு முன்னாடி கேக்கணும். கேட்டா சொல்லுவோம். கேக்காம எல்லா நாளும் என்னுதுன்னா, எங்க நாளு எங்கய்யா போவும்?"

துபாசி அதை எப்படி மாற்றிச் சொன்னாரோ தெரியாது. வில்லம் அவளைப் பார்த்து, வழக்கமான குரலில், "நாள... தய்யார்?" என்று கேட்டார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேலம்மா சிரிக்கவில்லை.

"பொட்டி தய்யார். இவரு இல்ல. நாளைக்கு எங்கயும் போவக் கூடாது, நெழல்ல படுக்கணும். கொப்புளத்த உடைக்கக் கூடாதுன்னு சொல்லு. நாளன்னிக்கு காலைல நான் வந்து துணிய அவுத்துப் பாக்கறேன். பாத்து சரின்னா தோணி போவும். இல்லன்னா போவாது" என்று துபாசியிடம் சொன்னாள்.

சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைக்கு நடந்தாள். இறால் வெயிலில் கிடந்தது. சிங்காரம் ஏற்கெனவே தரம் பிரிக்க உட்கார்ந்திருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் கெட்டுப்போகும்.